நம்பகம்: நடுத்தரம்

காலை ஐந்து ஐம்பத்தேழுக்கு
எழுநூறு கிலோமீற்றர் உயரத்தில்
எங்களைக் கடந்து போயிற்று அது.
படம் என் மேசைக்கு வந்தபோது மணி பத்து.
முல்லைத்தீவுக் கச்சேரிக்குப் பின்னால்
மின்விசிறி மட்டும் வேலை செய்யும் அறை.

நாயாற்றுக்கு நேர் கிழக்கே
ஒரு கறுப்புக் கோடு.
பதினேழு கிலோமீற்றர்.
திரையில் தலைமுடி ஒட்டியதுபோல் இருந்தது.
விரலால் துடைத்தும் பார்த்தேன்.

ராடருக்கு எண்ணெய் தெரியாது.
அதற்குத் தெரிவது சுருக்கம்.
கடலின் தோலைக் காற்றுக் கிள்ளிவிட்ட
சின்னச் சுருக்கங்களில் மோதி
அனுப்பியதில் கொஞ்சம் திரும்பி வரும்.
எண்ணெய் படிந்த இடம் வழுவழுப்பு,
அங்கே போனது வேறெங்கோ வழுக்கிப் போய்விடும்.
திரும்பி வராததைக் கறுப்பால் குறிக்கும் கருவி.
இந்த ஊரில் அதை நான்
யாருக்கும் விளக்கிச் சொன்னதில்லை.

ஆனால் காற்று விழுந்த கடலும் கறுப்புத்தான்.
மழை அடித்த இடமும்,
சூடைக் கூட்டம் விட்டுப்போன நெய்யும்.
போன மாதம் ஒரு மழையின் தடத்தை
எண்ணெய் என்று எழுதிவிட்டேன்.
பதினொரு படகு கரையில் கிடந்தது.
சங்கக் கூட்டத்தில் லூர்துநாயகி எழும்பி
"பிள்ளைக்குக் கடலுக்கும் மைக்கும்
வித்தியாசம் தெரியேல்லை" என்றாள்.
சிரித்தார்கள். நானும்.

எமிலியாம்பிள்ளைக்குப் போன் அடித்தேன்.
"விடியக்க காத்து எப்பிடி?"
"சோளகம். தொப்பி பறக்காது, பீடியும் பத்தாது."
வினாடிக்கு ஐந்து மீற்றர் என்று
அதை மாற்றி எழுதிக்கொண்டேன்.
ஐந்து என்றால்
கடல் தானாகக் கறுக்கக் காரணமில்லை.

கப்பல் பட்டியலைத் திறந்தால்
அந்தப் பக்கம் போனவை நான்கு.
மூன்றாவது,
இரவு இரண்டிலிருந்து இரண்டே முக்கால் வரை
தன் பெயரைச் சொல்லாமல் ஓடியிருக்கிறது.
அடித்தொட்டி கழுவ அவ்வளவு நேரம் போதும்.
இது சாட்சி இல்லை.
ஒரு மௌனத்தின்மேல்
இன்னொரு மௌனத்தை வைத்து அளந்து பார்ப்பது.

கொழும்புக்கு அனுப்பும் படிவத்தில்
நம்பகத்துக்கு மூன்று பெட்டி:
குறைவு, நடுத்தரம், உயர்வு.
நடுத்தரத்தில் புள்ளடி போட்டேன்,
லூர்துநாயகியின் சிரிப்புக்குப் பயந்து.

கழுவின சாராயப் போத்தல் ஒன்றோடும்
வெள்ளைத் துணியோடும் போனார் எமிலியாம்பிள்ளை.
நான் கொடுத்த புள்ளியில் ஒன்றுமில்லை.
"நல்ல நீலத் தண்ணி, தங்கச்சி."
அவர் போய்ச் சேர்ந்தபோது
என் படத்துக்கு ஆறு மணித்தியால வயது.
கடல் அதுவரை அங்கேயே நிற்குமா?
மூக்குச் சொன்ன பக்கம், தெற்கே ஓட்டியிருக்கிறார்.
கொக்கிளாய்க்கு நேரே
துணி பழுப்பாகிக் கனத்தது.

பின்னேரம் வாடியில்
லூர்துநாயகி வலை கழுவிக்கொண்டிருந்தாள்.
மண்ணெண்ணெயில்.
எண்ணெயைக் கழற்ற இன்னொரு எண்ணெய்.
இந்தமுறை அவள் சிரிக்கவில்லை.
"முந்தி மேல நிண்டது வண்டு.
சத்தம் கேட்டா பங்கருக்குள்ள பூருவம்.
உன்ர இது சத்தம் போடாதோ?"
"போடாது அக்கா."
"என்ர வலை அதுக்குத் தெரியுமோ?"

ஒரு கட்டம் பத்து மீற்றர்.
படகென்றால் ஒரு வெள்ளைப் பொட்டு,
அதுவும் நல்ல நாளில்.
வலை தெரியாது.
அப்படியே சொன்னேன்.

"அப்ப நீ எழுது," என்று
கையைத் துடைக்காமலே
படிவத்தை என் பக்கம் தள்ளினாள்.

'குறிப்பு' என்ற இடத்தில் ஒரே ஒரு வரி.
வலை ஒன்று, நூற்றிருபது பாகம், என்று தொடங்கினேன்.
அவள் விரல் பட்ட இடத்தில்
மை பிடிக்கவில்லை.